வீட்டுக்கு வைத்தியம்: ஃபெங் சுயி, உப்பு, புகை... செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நீலக்குடை

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. வந்ததிலிருந்தே எதுவோ சரியில்லை. காலையில் எழுந்தால் தலை பாரம். கணவருக்கு ஓயாத தும்மல். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறோம். வெளியே எங்காவது போய் நாலு நாள் தங்கினால் இருவரும் மனிதர்களாகிவிடுகிறோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மறுபடி அதே கதை. தெரிந்தவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வீட்டில் சக்தி தேங்கி நிற்கிறது" என்றார்.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று ஃபெங் சுயி படிக்க ஆரம்பித்தேன். வீட்டில் நல்ல சக்தி ஓட எதை எங்கே வைப்பது என்று சொல்லும் சீன முறை அது. எண்கோணக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் மாட்டினேன். மூலைகளில் கிண்ணத்தில் உப்பு வைத்தேன். இரண்டு வேளையும் ஊதுபத்தி. இப்போது செல்வ மூலையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு இடத்தில் அது தென்கிழக்கு என்று போட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில், வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடப்பக்கக் கடைக்கோடி என்கிறார்கள். என் வீட்டு வாசல் தெற்கே இருப்பதால் இரண்டும் எதிரெதிர் மூலை. ஒன்றில் கழிப்பறை வேறு.

இரண்டாவது கேள்வி. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. கட்டும்போது கொட்டிய செங்கல் தூளும் சிமெண்ட் கட்டியும்தான் அங்கே மண். புல்கூட முளைப்பதில்லை. வீட்டைச் சரிசெய்ய இத்தனை முறை வைத்திருக்கும் கீழை மரபுகளில், நிலத்தைச் சரிசெய்யவும் ஏதாவது உண்டா?

நம்பிக்கை இல்லாதவர்களும் பதில் எழுதலாம். கிண்டல் மட்டும் வேண்டாம்.

ஆமைநடை

முதலில் அந்தக் கண்ணாடியைக் கழற்றுங்கள். பாகுவா கண்ணாடி வீட்டுக்கு வெளியே, வாசலுக்கு மேலே மாட்டுவது. எதிரிலிருந்து வரும் கெட்டதைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. படுக்கையறையில் மாட்டினால் யாரைத் திருப்பி அனுப்புவீர்கள், உங்கள் கணவரையா?

மூலைக் குழப்பம் உங்கள் தவறு இல்லை. ஃபெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். பழைய சீனாவில் இதற்கு இரண்டு பெரிய வழிகள் இருந்தன. ஜியாங்சி பக்கம் வளர்ந்தது வடிவ வழி. மலை எங்கே, நீர் எந்தப் பக்கம் வளைகிறது என்று கண்ணால் பார்ப்பது. ஃபூஜியான் பக்கம் வளர்ந்தது திசைகாட்டி வழி. லுவோபான் என்ற தட்டின் நடுவில் காந்த ஊசி இருக்கும், சுற்றி வளையம் வளையமாகக் கணக்கு. தென்கிழக்கு என்பது இவர்களுடைய பேச்சு. வாசலை வைத்து மூலை பிடிப்பது நேற்று வந்தது. லின் யுன் என்ற ஆசிரியர் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய முறை. திசைகாட்டியே தேவையில்லை என்பதால் வேகமாகப் பரவிவிட்டது.

இரண்டையும் கலப்பது இரண்டு வைத்தியரிடம் மருந்து வாங்கி ஒரே டம்ளரில் ஊற்றிக் குடிப்பது போலத்தான். ஒன்றைப் பிடித்தால் அதையே பிடியுங்கள். என்னைக் கேட்டால் செல்வ மூலையை இப்போதைக்கு மறந்துவிடலாம். தூங்கும் இடத்தைப் பாருங்கள். கட்டிலில் படுத்தபடியே கதவு கண்ணில் பட வேண்டும், ஆனால் கதவுக்கு நேராகக் கால் நீட்டக் கூடாது. தலைமாட்டில் திடமான சுவர். உங்கள் கட்டில் எப்படிப் போட்டிருக்கிறது?

கல்தச்சன்

எனக்கு மூலை தெரியாது. கட்டட வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, சுவர் தெரியும்.

"வெளியே போனால் சரியாகிறது, திரும்பி வந்தால் ஆரம்பிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். வேறு எதைச் செய்வதற்கு முன்னாலும் இதைப் பாருங்கள்: வீட்டுக்குள் எரிவாயுவில் ஓடும் வெந்நீர் சூடேற்றி, கரி அடுப்பு, ஜெனரேட்டர் புகை வரும் வழி ஏதாவது உண்டா? கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலியில்தான் ஆரம்பிக்கும். அது இல்லை என்று உறுதியான பிறகு மற்றதைப் பேசலாம்.

அப்புறம், இரவு சன்னலைச் சாத்திக்கொண்டா படுக்கிறீர்கள்? வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. மூடிய அறையில் இரண்டு பேர் தூங்கினால் விடிவதற்குள் அது ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். "சக்தி தேங்கி நிற்கிறது" என்று உங்கள் நண்பர் சொன்னதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். தேங்கி நிற்பது காற்று.

ஊதுபத்தியை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு கிராம் எரிந்தால் 45 மில்லிகிராமுக்கு மேல் நுண்துகள் வரும் என்று 2008இல் வந்த மருத்துவ ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்கிறது. சிகரெட்டுக்கு அது 10. தும்முகிற ஆள் இருக்கும் மூடிய அறையில் இரண்டு வேளை!

நீலக்குடை

எரிவாயுச் சூடேற்றி இல்லை, மின்சாரம்தான். சன்னல் சாத்தித்தான் இருக்கும், கொசு. ஊதுபத்தி கொளுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு, எழுத வெட்கமாக இருந்தது. படுக்கையறையில் ஈரத்துணி மக்கியது போல ஒரு வாடை. மழை நாளில் கூடுதல்.

கட்டில் தலைமாடு சன்னலுக்குக் கீழே. கதவு கண்ணில் படாது. கட்டிலை நகர்த்த வேண்டுமென்றால் பீரோவை நகர்த்த வேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

ஆமைநடை

கல்தச்சன், புகைக்கு ஒரு வார்த்தை. மரபைக் குறை சொல்வதற்கு முன் அது எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். திபெத்தியர்கள் 'சாங்' என்று ஜூனிபர் தழையைப் புகைக்கிறார்கள். அது மலை உச்சியிலும் கணவாயிலும் வீட்டு மொட்டை மாடியிலும் நடப்பது. அந்த இடத்தின் தேவதைகளுக்குப் போடும் புகை அது, வானத்துக்குப் போக வேண்டிய புகை. அதைச் சன்னல் சாத்திய பத்துக்குப் பத்து அறைக்குள் கொண்டுவந்தது நாம்தான்.

கல்தச்சன்

இதில் எனக்குச் சண்டை இல்லை. மொட்டை மாடியில் கொளுத்தட்டும்.

சில்வண்டு

ஜப்பானில் நாலு வருடம் வேலை பார்த்தவள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அங்கே "வீட்டைத் தூய்மையாக்குதல்" என்றதும் நான் ஏதோ மந்திரம் எதிர்பார்த்தேன். கையில் கிடைத்தது தரை துடைக்கும் துணி.

டிசம்பரில் 'ஓசோஜி' என்று ஒரு பெருந்துடைப்பு நடக்கும். அதன் பழைய தொடக்கம் டிசம்பர் 13, 'சுசுஹராய்', அதாவது கரி நீக்கம். கோயில்களில் நீள மூங்கிலின் நுனியில் இலையும் வைக்கோலும் கட்டி உத்தரத்துக் கரியைத் தட்டுவார்கள். புத்தாண்டுக் கடவுள் வீட்டுக்குள் வருவதற்கு இடம் செய்வதாக நம்பிக்கை. மேலிருந்து கீழே, உள்ளிருந்து வாசலுக்கு. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது, 'முஷிபோஷி'. மழைக்காலம் முடிந்ததும் பெட்டியில் இருக்கும் துணி, புத்தகம், ஓவியச் சுருள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விரிப்பது. அலமாரியையும் திறந்து போட்டுவிடுவார்கள். மக்கிய வாடைக்கு இதைவிட நேரான மரபு எனக்குத் தெரியவில்லை.

உப்பும் உண்டு. 'மோரிஜியோ' என்று வாசலின் இரு பக்கமும் கூம்பு போலக் குவித்து வைப்பார்கள். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும், ஈரமான பழைய உப்பை அப்படியே விடக் கூடாது. உங்கள் உப்பு எப்படி இருக்கிறது?

ஒரு எச்சரிக்கை. கிழக்கிலிருந்து வந்ததெல்லாம் பழையது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வனக்குளியல் என்று சொல்கிறார்களே, 'ஷின்ரின் யோகு', அந்தச் சொல்லை 1982இல் ஜப்பானிய வனத்துறைதான் உருவாக்கியது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

நீலக்குடை

உப்பா? நாலே நாளில் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறது! மற்ற அறைகளில் ஓரளவு காய்ந்திருக்கிறது, படுக்கையறையில் மட்டும் சொதசொதவென்று. கெட்ட சக்தியை இழுத்துக்கொண்டால் உப்பு இப்படிக் கரையும் என்று படித்தேன். பயந்துபோய்த் தினமும் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

கல்தச்சன்

அக்கா, உங்களை அறியாமலே ஒரு கருவி செய்து வைத்திருக்கிறீர்கள்.

சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் கலப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நசநசக்கும். மற்ற அறைகளில் காய்ந்தும் படுக்கையறையில் மட்டும் நீராகவும் இருக்கிறது என்றால் அந்த ஓர் அறையில் மட்டும் ஈரம் எங்கிருந்தோ வருகிறது. வீட்டுக்குள் 60க்கு மேல் போனாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். பீரோவுக்குப் பின்னால் பாருங்கள். ஆள் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றாம்படி

படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் வாஸ்து பார்க்க வந்தவர் மாடிப்படி தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொல்லி இடிக்க வைத்தார். புதுப் படி போட்டது வெளிச்சம் வந்துகொண்டிருந்த ஒரே சன்னலை மறைத்து. அதற்குப் பிறகு பகலிலும் விளக்கு. இத்தனைக்கும் அதே வாஸ்துவில், 81 கட்டம் போட்ட மண்டலத்தின் நடுவில் இருக்கும் பிரம்மஸ்தானத்தைத் திறப்பாக விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. நடுவில் முற்றம் வைத்தால் வெளிச்சமும் காற்றும் தானே வரும். அதை யாரும் சொல்லவில்லை, படியைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். இடிக்கச் சொல்வது வைக்கச் சொல்வதைவிடச் செலவானது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

தென்வானம்

குறுக்கே ஒரு சந்தேகம். நான் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகு தூரத்தில். சீன முறைப்படி வீட்டுக்கு முதுகு வடக்கே, முகம் தெற்கே. சீனாவில் அப்படி வைத்தால் குளிர்கால வெயில் முன்பக்கம் விழும், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று முதுகில் மோதும். எனக்கு வெயில் வடக்கே இருக்கிறது. நான் என்ன, வீட்டைத் திருப்பிப் போட வேண்டுமா?

ஆமைநடை

இந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கள் ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். திசைகாட்டி எங்கே போனாலும் திசைகாட்டிதான், எதையும் மாற்றாதே என்பது ஒரு கட்சி. வெயிலை வைத்துத்தானே தெற்குக்கு நெருப்பும் வடக்குக்கு நீரும் கொடுத்தார்கள், அதனால் திருப்பிப் போடு என்பது இன்னொன்று. நான் வடிவ வழிக்காரன். வெயில் வரும் பக்கம் முகம் வையுங்கள்.

நீலக்குடை

பீரோவை நகர்த்தியாயிற்று. படம் போட மனமில்லை. சுவர் கறுப்பு. தரையிலிருந்து இடுப்புயரம் வரை கம்பளி போலப் பூஞ்சணம். பீரோ முதுகிலும் பச்சை.

ஆமைநடை ஐயா கட்டிலைத் திருப்பச் சொல்லாவிட்டால் பீரோவைத் தொட்டிருக்கவே மாட்டேன். கல்தச்சன் சொல்லாவிட்டால் உப்பை மாற்றிக்கொண்டே இருந்திருப்பேன். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஆமைநடை

எனக்குச் சொல்லுங்கள், அவர் ஏற்கெனவே கர்வமாக இருப்பார்.

கல்தச்சன்

கர்வத்தை அப்புறம் பார்க்கலாம். அதைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். மூக்கை மூடிக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கணவர் அன்றைக்கு வெளியே இருக்கட்டும்.

துடைத்தால் மட்டும் போகாது, ஈரம் எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவரைக் காய விட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி கண்ணாடித்தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறைப் பக்கம் நீர் பூத்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம், காற்றோட்டம் செய்தால் தீரும். தாளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நீர் நின்றால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது எந்தக் கண்ணாடியும் உதவாது, குழாய்க்காரர்தான். எப்படியானாலும் பீரோவை இனி சுவரோடு ஒட்டாதீர்கள், கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.

வேர்க்கூட்டம்

எல்லாரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள், பின்பக்க நிலத்தைக் கேட்டாரே! எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கொரியாவில் டோசன் என்று ஒரு துறவி, 827இல் பிறந்து 898இல் மறைந்தவர். சீனத்து ஃபெங் சுயி நல்ல இடத்தைத் தேடிப் போகிறது என்றால், அவர் பெயரால் வழங்கும் மரபு கெட்ட இடத்துக்கு வைத்தியம் பார்க்கிறது. நிலத்தை நோயாளி போலப் பார்ப்பது. உடம்பில் ஊசி குத்தும் இடம்போல, நிலத்தில் பலவீனமான இடம் பார்த்துக் கோயிலோ கோபுரமோ வைப்பது. இதற்கு 'பிபோ' என்று பெயர், குறையை நிரப்புதல். ஊருக்கு முன்னால் பள்ளத்தாக்கு வாய் திறந்து கிடந்து காற்று அடித்துக்கொண்டு போனால், அங்கே வரிசையாக மரம் நட்டுத் தோப்பு ஆக்கிவிடுவார்கள். காரணமாகச் சொல்வது சக்தி வெளியேறக் கூடாது என்பது. நடப்பது காற்றுத்தடுப்பும் வெள்ளத்தடுப்பும்.

தென் சீனாவில் இதற்கு அண்ணன் உண்டு, ஃபெங் சுயி காடு. ஊருக்குப் பின்னால் சரிவில் பிறை வடிவில் மரங்கள், வெட்டினால் ஊருக்கு ஆகாது என்று கட்டுப்பாடு. சுற்றியிருந்த காடெல்லாம் விறகாகப் போன பிறகும் இவை நின்றன. ஹாங்காங்கில் மட்டும் நூற்றுக்கு மேல் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் பழைய காட்டில் என்னென்ன மரம் இருந்தது என்று தெரிய, தாவரவியல் ஆட்கள் போய் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

இதே கதைதான் ஜப்பானில். ஷிண்டோ கோயிலைச் சுற்றிய 'சின்ஜு நோ மோரி', காவல் காடு. அகிரா மியாவாக்கி என்ற தாவரவியலாளர் (1928–2021) அதைப் பார்த்துத்தான், மனிதன் கை வைக்காவிட்டால் இந்த மண்ணில் எந்த மரம் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டார். மியாவாக்கி காடு என்று எல்லாரும் சொல்வது அங்கிருந்து வந்தது. சதுர மீட்டருக்கு மூன்று, நாலு கன்று, எல்லாம் அந்த மண்ணின் மரம், குட்டை நெட்டை கலந்து. முதல் இரண்டு மூன்று வருடம் களை எடுத்தால் போதும்.

தாய்லாந்தில் 1980களின் கடைசியிலிருந்து புத்த பிக்குகள் மரத்துக்குக் காவித்துணி கட்டித் துறவு கொடுக்கிறார்கள். மரம் துறவியாக முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். கோடரி எடுத்து வருகிறவனுக்குக் கை நடுங்கும் என்பதும் தெரியும்.

பாலித் தீவைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்தார்கள். 1970களில் பசுமைப் புரட்சிக்காரர்கள் வந்து, பூசையைக் கோயிலோடு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த அளவு நெல் போடுங்கள் என்றார்கள். எல்லாரும் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டதும் பூச்சியும் தண்ணீர்த் தகராறும் வெடித்தன. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் அதைக் கணினியில் மாதிரி அமைத்துக் காட்டினார்: கோயில் சொன்னபடி பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தங்க இடம் இல்லை. சுபாக் என்ற அந்தப் பாசன முறை 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

நீலக்குடை, உங்கள் இடம் இரண்டு சென்ட் இருந்தாலும் பரவாயில்லை. முதலில் சிமெண்ட் கட்டியைப் பொறுக்குங்கள். அது மண்ணைச் சுண்ணாம்பாக்கும். இறுகிப்போனதைக் கிளறி மக்கு உரம் சேருங்கள். அப்புறம் மரம்.

கல்தச்சன்

நல்ல பதிவு. ஒரே ஒரு முள். மியாவாக்கியை எல்லா இடத்திலும் போடக் கூடாது. இயல்பிலேயே புல்வெளியாக இருக்கும் நிலத்தில் அடர்காடு வைத்தால் அது வைத்தியம் இல்லை, வேறு நோய். அப்புறம், வீட்டுச் சுவரை ஒட்டிப் பெரிய வேர் மரம் வேண்டாம், ஏற்கெனவே அந்தச் சுவருக்குப் போதுமான பிரச்சினை இருக்கிறது.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அது 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் அந்த மாதிரி சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடியால் செய்ய, சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும். ஆயிரம் வைத்தால் நீங்கள் நிற்க இடமிருக்காது.

மட்டுறுத்துநர்

பரிகாரப் பொருள் விற்கும் சுட்டிகள் மூன்று நீக்கப்பட்டன. இழை திறந்தே இருக்கும்.

நீலக்குடை

நாலு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

கண்ணாடித்தாளுக்குப் பின்னால்தான் நீர். சுவரின் அந்தப் பக்கம் குளியலறை, குழாய் இணைப்பு ஒன்று சுவருக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு உரிமையாளர் முதலில் "உங்கள் சன்னல் சாத்துகிற பழக்கம்தான்" என்றார். தாளைக் காட்டியதும் பேசவில்லை. குழாய் மாற்றி, பூச்சைக் கொத்தி எடுத்து, காய விட்டு மறுபடி பூசினார்கள். சன்னலுக்குக் கொசுவலை போட்டுத் திறந்து வைத்துத் தூங்குகிறோம். தும்மல் பாதிக்குப் பாதி குறைந்தது. தலை பாரம் எப்போதாவதுதான். உப்புக் கிண்ணம் மட்டும் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை. மூன்று வாரமாகக் காய்ந்தே கிடக்கிறது. கட்டில் புது இடத்திலேயே இருக்கிறது. கதவைப் பார்த்துப் படுப்பது நிம்மதியாகத்தான் இருக்கிறது, கல்தச்சன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

பின்பக்கம் பதினேழு மூட்டை இடிபாடு அள்ளினோம். இன்னும் கன்று வைக்கவில்லை, மக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் கிளறினால் மண்புழு.

ஒரு சிக்கல். பாகுவா கண்ணாடியை ஆமைநடை ஐயா சொன்னபடி வாசலுக்கு மேல் மாட்டினேன். அது எதிர்வீட்டுச் சன்னலைப் பார்க்கிறது. அவர்கள் வீட்டில் எதுவோ சரியில்லையாம், எங்கள் கண்ணாடி வந்த பிறகுதானாம். நேற்று அவர்களும் ஒன்று வாங்கி எங்களை நோக்கி மாட்டிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

ஆமைநடை

ஹாங்காங்கில் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவிலேயே இந்தச் சண்டை உண்டு என்று சொல்வார்கள், நீங்கள் எம்மாத்திரம். கழற்றிவிடுங்கள். கழற்றும்போது அவர்கள் பார்க்கிற மாதிரி கழற்றுங்கள்.